கழற்றி மாட்ட ஆள் இருக்கா?

கார் பைத்தியங்களான எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்று கட்சிகள். கார்புரேட்டர் இல்லாத வண்டியை வண்டி என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் முதல் கட்சி. டர்போவும் ஏர்பேக்கும் வந்த பிறகுதான் காரை ஒழுங்காகச் செய்யவே ஆரம்பித்தார்கள் என்பவர்கள் இரண்டாவது. மூன்றாவது கட்சியில் ஆள் குறைவு, சத்தம் அதிகம். அவர்களுடைய மின்கார்களுக்குத்தான் சத்தமே கிடையாது.

கோயம்புத்தூரில் இந்தப் பைத்தியம் பழைய வியாதி. மாருதி 800-இன் பாகங்களை வைத்து ஃபார்முலா மாருதி பந்தய வண்டியை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையம் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து போனவர்தான். அவிநாசி சாலையில் ஜீடீ கார் மியூசியத்துக்குள் போனால், எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஏதாவதொரு வண்டியின் அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை இல்லை. அப்பா 1980-களில் வாங்கிய பிரீமியர் பத்மினி வீட்டில் இருக்கிறது. வீட்டில் அதற்குப் பெயர் இன்றும் ஃபியட்தான். தினமும் வேலைக்குப் போய்வர 30 யூனிட் பேட்டரி கொண்ட மின்கார். மகன் வாங்கியது டர்போ பெட்ரோல் எஸ்யூவி. மூன்றையும் ஓட்டுவதால் மூன்று கட்சிக்காரர்களும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். பிக்கப், மைலேஜ், சத்தம் என்று அவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் கேட்பது வேறு: பத்து வருஷம் கழித்து இந்த வண்டி மக்கர் பண்ணினால், கழற்றி மாட்ட நம் ஊரில் ஆள் இருப்பாரா?

ஃபியட்டைப் பொறுத்தவரை இருக்கிறார். 1089 சிசி எஞ்சின், ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அதற்குள் பாயிண்ட், கண்டென்சர். இவ்வளவுதான் அதன் மூளை. கணபதி ஏரியாவில் ஒரு ஷெட்டில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே டைமிங் எத்தனை தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை சஸ்பென்ஷன் புஷ் ஒன்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. "ஏனுங்க, சாமான் கிடைக்கலைன்னா என்னங்க? செஞ்சுக்கலாமுங்க," என்றார். தேய்ந்துபோன பழைய புஷ்ஷை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி ஒரு லேத்துக்குப் போனோம். சாயங்காலம் புதுசு கைக்கு வந்துவிட்டது. பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பதில் இந்த வசதி உண்டு. இரும்பிலோ பித்தளையிலோ உள்ள எதையும் இங்கே கடைந்துவிடலாம்.

பழைய கார் வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதிலிருந்துதான் வருகிறது. எல்லோரும் பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள். எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். ரீபோர் அடிக்கலாம், பிஸ்டன் மாற்றலாம், கிராங்க் அரைக்கலாம். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடி, லைட் மூடி, குரோம் பட்டை, கதவு பீடிங், மீட்டர். இவை உடைந்திருந்தால் லேத்தில் கடைய முடியாது. கூட்டத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பஞ்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். 1960-களில் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த கார் அது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுதுமே முன்னால் சாய்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்க அதைவிட வசதியான காரை நான் பார்த்ததில்லை. அவருடைய எஞ்சினுக்கு இதுவரை எதுவும் கிடைக்காமல் போனதில்லை. பின்பக்க விளக்கின் சிவப்பு மூடிக்குத்தான் நாய் படாத பாடு பட்டார்.

ஃபியட்டுக்கே இனி நிலைமை கொஞ்சம் இறுகும் என்று நினைக்கிறேன். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக ஆயிரக்கணக்கில் ஓடியதால்தான் இத்தனை வருஷம் சாமான் தட்டுப்பாடின்றி வந்தது. அங்கே கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு வயது வரம்பு முடிந்து தெருவைவிட்டுப் போய்விட்டது. கிடைக்கிறபோது ஒரு செட் பீடிங்கும், வாட்டர் பம்ப் கிட்டும், கார்புரேட்டர் கிட்டும் வாங்கி அலமாரியில் போட்டு வைப்பது நல்லது.

பாடியைப் பார்க்கும் விதம் தனி. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவுக்குக் கீழ்ப் பகுதி, மட்கார்டு வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் தயங்கினால், அதற்கு மேல் அங்கே நிற்கத் தேவையில்லை. எஞ்சினை நீங்கள் போகும் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சின் செல்ஃப் எடுக்கும் விதத்தில்தான் உண்மை தெரியும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் பேக் கம்ப்ரஷன். ரிங் போயிருக்கிறது என்று அர்த்தம். அதையும் விலை பேசச் சாக்காக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதற்காக நல்ல பாடியை விட்டுவிடாதீர்கள்.

காகிதம் சரியில்லாத பழைய கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் பொம்மைதான். ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பென்சில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். பதிவுக்கு ஆயுள் 15 வருஷம். அதற்குப் பிறகு எஃப்சி காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000-க்குப் போனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு முறை தனி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்து வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி கிடையாது. ஹெரால்டுக்காரர் அதற்குப் போகாததற்குக் காரணம் இதுதான். மார்க்கெட்டுக்குக் காய் வாங்க அவர் அதில்தான் போவார்.

இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் ஐடிவியை, அதாவது வண்டியே போனால் கிடைக்கும் தொகையை, நாமும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்கிறோம். போட்டோக்களும், மதிப்பீட்டாளர் கொடுத்த அறிக்கையும், செய்த வேலைகளின் பில்களும் கையில் இருந்தால் நம் தொகை நிற்கும். இல்லாவிட்டால் இரும்பு விலைக்குத்தான் எழுதுவார்கள்.

இப்போது முதல் கட்சியின் தூக்கத்தைக் கெடுப்பது ஈ20 பெட்ரோல். இருபது சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலிலேயே ஆக்ஸிஜனும் இருப்பதால் அதற்குக் கூடுதலாக எரிபொருள் பாய வேண்டும். புது வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரில் ஜெட்டின் துளை என்ன அளவோ அவ்வளவுதான். கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். மெக்கானிக் அண்ணன் என் ஃபியட்டுக்கு மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் போட்டார். பிளக்கின் வெளுப்பு போய்ப் பழுப்பு நிறம் வந்தது. பெட்ரோல் ஹோஸ்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினோம். பழைய ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, பிறகு வெடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை. டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்து கிடந்த கசடையும் எத்தனால் கிளறிவிடும் என்பதால் டேஷ்போர்டில் ஒரு ஃபில்டர் எப்போதும் உதிரியாக இருக்கட்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பவர்கள் அரை டேங்க் பெட்ரோலோடு நிறுத்தக் கூடாது. ஓட்டுங்கள், முடியாவிட்டால் வடித்துவிடுங்கள்.

கட்சிச் சண்டையெல்லாம் பேச்சோடு சரி. வண்டிகளின் குணம் தெரிய மலை ஏற வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஒரு ஞாயிறு என் ஃபியட், மகனின் டர்போ, என் அக்கா மகள் ஓட்டிய எங்கள் மின்கார் என்று மூன்றும் வரிசையாகப் போனோம். அவள் மூன்றாவது கட்சியின் தலைவி. (நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், மூன்று வண்டிக்கும் தனித்தனியாக எடுங்கள், கல்லாறில் நின்றுகொண்டு போனில் சிக்னல் தேடாதீர்கள்.) உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர்.

ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் கார்புரேட்டர் எஞ்சினின் பலமும் அதே அளவு குறையும். ஏற்கெனவே இருப்பதே நாற்பது குதிரை. குன்னூர் தாண்டியதும் இரண்டாவது கியரைவிட்டு மேலே போக ஃபியட்டுக்கு மனசே வரவில்லை. உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் இறங்குகிறது, ஊட்டியில் 93 டிகிரிக்கும் சற்றுக் கீழே. ரேடியேட்டர் மூடியில் அழுத்தம் பிடிக்கிற வரைதான் தண்ணீர் உள்ளே நிற்கும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் பர்லியாறிலேயே பொங்கிவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான். மலைக்கு முன் புதுசு போடுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டியிருப்பதால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஏர் லாக் ஆவது வழக்கம். அதற்குக் காலங்காலமாக உள்ள வைத்தியம் பம்ப் மேல் ஈரத்துணி. துண்டும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும் இல்லாமல் அந்தக் காலத்து ஆட்கள் மலை ஏறியதில்லை. டீ குடிக்க நிறுத்தினால் உடனே சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது இன்னும் நல்லது.

டர்போவுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. மெலிந்த காற்றையும் அது அமுக்கித் திணித்துக்கொள்கிறது. மகன் மேலே போய் எங்களுக்காக வெகுநேரம் காத்திருந்தான், அதைச் சொல்லியும் காட்டினான். அவனுக்கும் அதே அறிவுரைதான் கொடுத்தேன்: நல்ல ஏற்றம் ஏறி நின்றதும் ஒரு நிமிஷம் ஐடிலில் விடு. பழுக்கக் காய்ந்த டர்போவுக்கு ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் உள்ளே இருக்கும் ஆயில் கருகிப் படியும்.

மின்காருக்குக் காற்றே வேண்டாம். அதன் கணக்கு வேறு மாதிரி. வண்டியும் ஆட்களும் சேர்ந்து 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 1,900 மீட்டர் தூக்க மட்டும் கிட்டத்தட்ட 9 யூனிட் வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் உருள்வதற்கு ஆறேழு யூனிட். ஆக 30 யூனிட் பேட்டரியில் பாதி மேலே போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். சமவெளியில் இருநூறு கிலோமீட்டர் போகிறது என்ற தைரியத்தில் பேட்டரி பாதியாக இருக்கும்போது மலையைத் தொடுபவர்கள் நடுவழியில் வியர்ப்பது இதனால்தான். இறங்கும்போது தூக்கிய சக்தியில் கணிசமான பங்கு ரீஜென் மூலம், அதாவது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை ஏற்றுவதால், திரும்பி வரும். அடிவாரத்துக்கு வந்து சேரும்போது, ஊட்டியிலிருந்து கிளம்பியபோது இருந்ததைவிடச் சதவீதம் கூடியிருப்பதைப் பார்த்து அக்கா மகள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊட்டியில் தங்கி, ஹோட்டலில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இல்லை. ரீஜென் வேலை செய்யாது, மலை முழுதும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டிவரும். எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் மற்ற இரண்டு வண்டிக்கும் லாரிக்காரர்களின் பழைய சட்டம்தான்: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. ஃபியட்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். சூடேறினால் மிதிக்க மிதிக்க உள்ளே போகும், வண்டி மட்டும் நிற்காது. புது வண்டிகளில் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யிலேயே விட்டுப் பிரேக்கில் காலை வைத்தபடி இறங்குகிறார்கள். விடுமுறை நாட்களில் கல்லாறு வரும்போது மூக்கில் ஏறுவது அவர்களுடைய பிரேக் கருகும் வாசனைதான். மேனுவல் மோடுக்கோ ‘எல்’-லுக்கோ மாற்றுங்கள். அந்த எழுத்தைப் போட்டிருப்பதே அதற்குத்தான்.

இரண்டாவது கட்சியைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் பாதுகாப்பு விஷயத்தில் அவர்கள் பக்கம் வாதமே தேவையில்லை. ஃபியட்டில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. மோதினால் நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி முன்பக்கத்தை வடிவமைக்கும் வழக்கமும் அந்த எஞ்சினியர்கள் காலத்தில் பரவியிருக்கவில்லை. ராத்திரியில் சேலம் பைபாஸில் குடும்பத்தோடு போக அதை எடுக்கமாட்டேன். பழைய காலத்துத் தகடு கெட்டி, அதனால் பத்திரம் என்று யாராவது சொன்னால், தகடு நசுங்காத அடி உள்ளே இருப்பவர் நெஞ்சுக்குத்தான் போகும் என்று சொல்லுங்கள்.

என் கேள்வி அவர்களிடமும் எடுபடுகிறது. இன்றைய காரில் ஹெட்லைட் என்பது சீல் வைத்த ஒரே பெட்டி. உள்ளே ஒரு எல்ஈடி போனாலும் பெட்டியோடு மாற்ற வேண்டிவரலாம். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டியில் கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவெடுத்துப் பொருத்த வேண்டும். சாலையோரக் கண்ணாடிக் கடையில் அந்த வேலை நடக்காது. ஏசியைக் கூட்ட மூன்று தடவை திரையைத் தொட வேண்டிய வண்டியில் அந்தத் திரை போனால் என்ன செலவு என்று வாங்கும் முன்பே சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஷோரூமில் கேட்டுப் பயனில்லை. சன்ரூஃபைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஈரோட்டு வெயிலில் அதைத் திறப்பவரை இன்னும் பார்க்கவில்லை.

கம்பெனியே கிளம்பிப்போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சேவை தொடரும் என்றும் சொன்னது. நண்பர்கள் பலரும் பதறினார்கள், இரண்டு பேர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். விற்காதவர்கள் இன்னும் சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். அதற்குள் வெளி மெக்கானிக்குகள் அந்த வண்டிகளைக் கற்றுக்கொண்டிருந்ததுதான் காரணம். நிறைய விற்ற மாடல் என்பதே ஒரு காப்பீடு. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்ததிலிருந்து மூன்றாவது கட்சியில் புது உற்சாகம். அந்த வண்டிகளை நம் ஊர் ஷெட்டுகள் கற்றுக்கொள்ள எத்தனை காலம் ஆகும் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மின்காருக்கு மாறுபவர்கள் காருக்கு முன்னால் வீட்டு ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். சார்ஜர் அதைக் கண்டுபிடித்து வேலை செய்ய மறுத்துவிடும். அது மறுப்பது நல்லதுக்கு. மீட்டர் பெட்டியிலிருந்து தனி ஒயர் (நாங்கள் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டோம்), தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த் குழி. இதற்கு ஆகும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்களின் சலுகையும் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மொட்டைமாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதி குறையும். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் ஒரே சார்ஜரை நம்பிப் போகாதீர்கள். செயலியில் பச்சை விளக்கு காட்டிய ஒரு நிலையத்துக்குப் போனால், அங்கே கேபிளையே காணோம். அன்றிலிருந்து அந்த இடத்தில் கடைசியாக யார் எப்போது சார்ஜ் செய்தார்கள் என்பதைப் பார்த்த பிறகே கிளம்புகிறோம். இருபது கிலோமீட்டருக்குள் இன்னொன்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறோம். எண்பது சதவீதத்துக்கு மேல் டிசி (வேக) சார்ஜர் மெதுவாகிவிடும். அங்கே உட்கார்ந்து நூறைத் தொடக் காத்திருப்பதைவிட அடுத்த ஊருக்குப் போய்விடலாம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரக பேட்டரி என்றால் வீட்டில் அவ்வப்போது நூறு வரை ஏற்றுங்கள், அப்போதுதான் அது காட்டும் சதவீதம் சரியாக இருக்கும். என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) ரகத்தை அன்றாடம் எண்பதோடு நிறுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது. எது உங்களுடையது என்று தெரியாமல் ஓட்டுபவர்கள் நிறைய.

மின்காரில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், சின்ன 12 வோல்ட் பேட்டரி டவுன் ஆனால் வண்டி கண்ணே திறக்காது. முதல் கட்சிக்காரர்களுக்கு இதைக் கேட்டதிலிருந்து தாங்க முடியாத சந்தோஷம். மூன்று வருஷம் ஆனதும் அதைச் சோதித்துவிடுங்கள், சாதாரண பேட்டரிக் கடையிலேயே மாற்றலாம். இன்னொன்று, ரீஜெனிலேயே வண்டி நின்றுவிடுவதால் பிரேக் பேடு தேய்வதில்லை. தேயாத பிரேக் துருப்பிடிக்கும். வாரம் ஒரு தடவையாவது காலி ரோட்டில் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். எங்கள் வண்டியின் காலிப்பர் பின்கள் இறுகிப்போனதைக் கண்டுபிடித்தவர் கணபதி அண்ணன்தான். "எனக்கு இதுல என்னங்க வேலை, வைப்பரும் டயருமா?" என்று முன்பு மின்காரைப் பார்த்துக் கேட்டவர் அவர்.

பேட்டரி வாரண்டி பொதுவாக எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குப் பிறகு? இதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறது. பெங்களூரில் 2001-இல் வந்த ரேவா மின்கார் ஒன்றை ஒருவர் வைத்திருக்கிறார். எல்லோரும் சிரித்த வண்டி. அதில் இருப்பது எட்டு ஈய-அமில பேட்டரிகள். எந்த பேட்டரிக் கடையிலும் கேட்டு வாங்கி மாட்டலாம், அவர் மாட்டிக்கொண்டே இருக்கிறார், அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்றைய மின்கார் அதைவிடப் பல மடங்கு நல்ல வண்டி. ஆனால் வாரண்டி முடிந்த பேட்டரியின் ஒரே ஒரு மாட்யூலை மாற்றித் தரும் கடைகள் இப்போதுதான் அங்கங்கே முளைக்கின்றன. பழைய மின்கார் வாங்குபவர்கள் பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தை எழுத்தில் கேளுங்கள். நூறு ஏற்றி இருபது வரும்வரை ஓட்டிப் பாருங்கள். வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கும் அப்படியே வருமா என்பதை ஆவணத்தில் படியுங்கள். சில கம்பெனிகளில் நிபந்தனை மாறும்.

இப்போது கூட்டத்தில் சூடாகப் போய்க்கொண்டிருப்பது ஹெரால்டு விவகாரம். பெரியவர் தன் வண்டிக்குச் சாமானுக்காக இன்னொரு ஹெரால்டை வாங்கிப் போட்டிருக்கிறார். எஞ்சினே இல்லாத கூடு. அதில் மோட்டார் போட்டு ஓட்டலாம் என்கிறாள் அக்கா மகள். முதல் கட்சியில் இரண்டு பேர் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். என் கருத்து: முழுசாக இருக்கும் வண்டியின் எஞ்சினைப் பிடுங்கி மோட்டார் போடுவது பாவம், வெறும் கூடாகக் கிடப்பதில் போட்டால் புண்ணியம். கிட் ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், ஆர்டிஓவிடம் முதலிலேயே அனுமதி வாங்கி ஆர்சியில் எரிபொருளை மாற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சேசிஸில் வெட்டோ வெல்டிங்கோ கூடாது, எல்லாம் போல்ட்டில் நிற்க வேண்டும், நாளை யாராவது எஞ்சினைத் திருப்பி வைக்க நினைத்தால் வழி இருக்கும். எடை கூடினால் பிரேக்கையும் கூட்ட வேண்டும். பெரியவர் இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, கடைசியில் என் கேள்வியையே என் பக்கம் திருப்பினார்: "சரிங்க, கண்ட்ரோலர் போச்சுன்னா யாருங்க மாத்துவாங்க?"

கணபதி அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். மின்காரின் உயர் வோல்ட் ஓடும் ஆரஞ்சு ஒயரில் கை வைக்க 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை எங்கே கிடைக்கும் என்று அக்கா மகளிடம் கேட்டார். "மொதல்ல பயிற்சிக்குப் போய்ட்டு வாங்கண்ணா, கையுறை நான் வாங்கித் தரேன்," என்றாள். அடுத்த மாதம் ஒரு பயிற்சி இருக்கிறதாம், கட்டணத்தை ஹெரால்டுக்காரர் கட்டுகிறார். பேசுவதை நிறுத்தியிருந்த இரண்டு பேரில் ஒருவர், தானும் சும்மா போய் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.